பன்னிரண்டு வோல்ட் பொய்

"இது எழாது சுந்தரி. விட்டுடு."

மாணிக்கராஜ் ஸ்பேனரை பெஞ்சு மேல் போட்டுவிட்டு, பழந்துணியில் விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்தார். எதிரே மூக்கு நசுங்கிய வெள்ளை எலக்ட்ரிக் கார், டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டும் நோயாளி மாதிரி, பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அது. மதிய வெயிலில் கூரை டப் டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

ஞானசுந்தரி குனிந்து பானெட்டுக்குள் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியவள். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ஆக்சிடென்ட் விசாரணை செய்து, கோலார் ஜில்லாவில் கவிழ்ந்த லாரிகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, இப்போது ஆண்டர்சன்பேட்டையில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். ஆபீஸ் என்றால் ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு லாய்ட்.

அந்த லாய்ட் இப்போது காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். முப்பத்தைந்து வயசு. வருஷக்கணக்காக பெங்களூருக்கு ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்பி வந்தவன். உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தால் போதும் என்று இவளிடம் சேர்ந்தான்.

"எனக்கு ஒண்ணு புரியல அண்ணா" என்றான் மாணிக்கராஜிடம். "கீழே அத்தாம் பெரிய பேட்டரி படுத்துனு கீது. அதை வச்சு பெங்களூர் போய்ட்டு வரலாம். ஆனா கதவு திறக்க, லைட் போட, அந்த டிவி மாதிரி கீற ஸ்கிரீன் வர, முன்னாடி கீற சின்ன பேட்டரி தான் வேணுமா?"

"பன்னெண்டு வோல்ட்டு" என்றார் மாணிக்கராஜ். "அது தான் மொதல்ல எழுந்து மத்ததை எல்லாம் எழுப்பணும். வண்டி இடிச்சவுடனே பெரிய பேட்டரி தன்னைத்தானே கட் பண்ணிக்கும். அப்புறம் சின்னதுக்கு சார்ஜ் குடுக்க ஆள் இல்ல. போலீஸ் யார்டுல நின்னே செத்துப்போச்சு."

"எங்க பழைய ஆபீஸ் மாதிரியே கீது. மேனேஜர் உள்ளேயே இருப்பார். ப்யூன் வந்து எழுப்பினா தான் உண்டு."

"ப்யூனை மாத்திட்டேன்பா. புது பேட்டரி போட்டுட்டேன், பாரு. அப்பவும் எழல. உள்ள மூளையே பூடுச்சி."

ஞானசுந்தரி காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கார் பேச வேண்டும். திங்கட்கிழமைக்குள் பேச வேண்டும்.

நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு மழை நாள் சாயங்காலம், இந்தக் கார் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து இந்தப் பக்கம் வரும் ரோட்டில் விநாயக் என்ற பையனை அடித்துத் தூக்கிப் போட்டது. வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவன். அங்கேயே உயிர் போய்விட்டது. கார் பக்கத்து மதகில் மோதி நின்றது. ஓட்டியவன் மழையோடு மழையாக ஓடிவிட்டான்.

கார் மனோகர் என்ற கான்ட்ராக்டருடையது. அவருடைய டிரைவர் சம்பங்கி மேல் கேஸ். "சாவியை ஆபீஸ் ஆணியில மாட்டிட்டு வூட்டுக்கு நடந்து வந்துட்டேன்" என்று சம்பங்கி சொன்னான். அவன் மாட்டியதைப் பார்த்தவர் யாருமில்லை. ஜாமீனில் வெளியே வந்தான். ஆனால் வந்து சேர்ந்த இடம் ஜெயிலைவிட மோசம். செத்துப்போன விநாயக்கின் வீடும் சம்பங்கியின் வீடும் ஒரே லைன் தெருவில் எதிரெதிர் வாசல். விநாயக்கின் அம்மா தினமும் காலையில் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது சம்பங்கி முகம். அவன் பகலில் வெளியே வருவதையே விட்டுவிட்டான். குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்ல, திங்கட்கிழமை கோலார் கோர்ட்டில் ஒத்துக்கொள்வதாகத் தலையாட்டிவிட்டான். அவன் பெண்டாட்டி பார்வதம்மா மட்டும் தலையாட்டவில்லை. அவள்தான் ஞானசுந்தரியைத் தேடி வந்தவள்.

கோர்ட் காரை விடுவித்து, இன்ஷூரன்ஸ்காரர்கள் இனி ஓடாது என்று கழித்துக் கட்டி ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் மாணிக்கராஜ் என்று தெரிந்தபோது ஞானசுந்தரி கர்த்தருக்கு நன்றி சொன்னாள். இந்த மாதிரிக் கார்கள் யார் ஏறினார்கள், எந்தப் போன் வந்து சேர்ந்தது என்று ஞாபகம் வைத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். யாரோ ஒரு முகம் தெரியாத வியாபாரி கையில் அது போயிருந்தால் கெஞ்ச வேண்டியிருக்கும். மாணிக்கண்ணனிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

அவளுடைய கணவன் ஆசீரும் மாணிக்கராஜும் சுரங்கத்தில் ஒரே ஷிப்டு. ஒரே கேஜ் லிப்டில் இறங்கி ஏறியவர்கள். சுரங்கம் மூடிய பிறகு ஆசீர் நெஞ்சு வலியில் போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து கல்லறை வரைக்கும் எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தவர் இவர். அவருடைய மகன் ஜாய்க்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் வாங்கி நின்ற ஞானத்தாய் இவள். உலகத்தில் அவள் சரிபார்க்காமல் நம்புகிற பேச்சு ஒன்றே ஒன்றுதான். அது இவருடைய பேச்சு.

"கடைசியா ஒரு வாட்டி உள்ள பாத்துக்கறேன் அண்ணா."

"பாரேன். உனக்கு இல்லாததா."

அவர் சாவிக்குள்ளிருந்து சின்ன இரும்புத் தகட்டை இழுத்து, அதை வைத்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். ஞானசுந்தரி உள்ளே ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பெடல் எட்டவில்லை. சீட் கடைசி வரைக்கும் பின்னால் போயிருந்தது. பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவினாள். மூன்று பட்டன் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது.

"சீட்டு ஏன் இவ்ளோ பின்னால கீது?"

"நான்தான் தள்ளினேன்" என்றார் மாணிக்கராஜ். "கால் வைக்கிற இடத்துக்கு மேல ப்யூஸ் பாக்ஸ் கீது. பூந்து பாக்கணுமே."

ஞானசுந்தரிக்குச் சப்பென்று போய்விட்டது. சம்பங்கி அவளைவிட ஒரு விரல் குள்ளம். ஒரு நிமிஷம் அவளுக்கு ஏற்பட்ட நம்பிக்கை அந்தப் பதிலில் அணைந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து ஜாய் வந்தான். மாணிக்கராஜின் வீடும் ஒர்க்‌ஷாப்பும் ஒரே சுவர். தகரக் கூரையின் விளிம்பு இடிக்காமல் குனிந்து உள்ளே நுழைந்தவன், அவளைக் கண்டதும் சிரித்தான். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

"சாப்டியா அத்தை?"

"ஆச்சுடா. நீ மனோகர் ஆபீஸ்ல தானே கீறே. அவர் பையன் கிரண் இந்தக் காரைத் தனியா எடுத்துனு போறதைப் பாத்துகீறியா?"

கிரண்தான் அவளுடைய சந்தேகம். அன்றைக்கு அப்பாவும் மகனும் பெங்களூரில் இருந்ததாகச் சொன்னார்கள். அப்பா இருந்ததற்குச் சாட்சி இருந்தது. மகனுக்கு அப்பாதான் சாட்சி.

"எனக்குத் தெரியாது அத்தை. நான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா தலையே தூக்க மாட்டேன். இந்த வண்டில ஒரு வாட்டி கூட ஏறினது இல்ல."

"உடு சுந்தரி" என்றார் மாணிக்கராஜ். "திங்கக்கிழமை பார்ட்ஸ் பார்ட்ஸா கழட்டிடப் போறேன். உனக்காகத் தான் இத்தினி நாள் வச்சிருந்தேன்."

"நீங்க பண்ணதே பெருசு அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

---

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஒரு பேக்கரி முன்னால் லாய்ட் ஸ்கூட்டரை நிறுத்தினான். துக்கம் வந்தால் அவனுக்குப் பசிக்கும். சந்தோஷம் வந்தாலும் பசிக்கும்.

இரண்டு டீயும் தேங்காய் பன்னும் வந்தன. ஞானசுந்தரி டீயைத் தொடவில்லை. பார்வதம்மாவிடம் போய் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பேக்கரி ஓரத்தில் ஒரு பழைய சிவப்புக் கார் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியபடி, மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தது. அதன் சொந்தக்காரர் பேக்கரிக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"பட்டன் கண்ணாடி சார். பேட்டரி டவுன். ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது. மேகம் வேற கட்டுது."

"அந்தக் காலத்துல கையால சுத்தினா ஏறும்" என்றான் லாய்ட் பன்னை மென்றுகொண்டே. "இப்ப கண்ணாடிக்குக் கூட கரண்ட் கேக்குது. நாளைக்கு குடை விரிக்க சார்ஜர் கேப்பாங்க."

ஞானசுந்தரியின் கை டீ கிளாஸை நோக்கிப் போய் பாதியில் நின்றது.

"லாய்ட். அந்தக் காரோட சீட்டைத் தள்ள கம்பி கீதா?"

"எந்தக் கார்? நம்ம காரா? இல்லையே மேடம். பக்கத்துல பட்டன் தான். அதுவும் மோட்டார். நான் தான் மொத நாளே அமுக்கிப் பாத்தேனே, மசாஜ் ஏதாவது வருமான்னு. ஒண்ணியும் நகரல. பேட்டரி தான் செத்து..."

அவன் வாயில் இருந்த பன்னை முழுங்க மறந்தான்.

"அண்ணன் சீட்டைத் தள்ளினேன்னாரு" என்றாள் ஞானசுந்தரி. "கரண்ட் இல்லாம அந்த சீட்டு அரை அங்குலம் நகராது. அப்ப ஒண்ணு, அவர் அதைத் தள்ளவே இல்ல. கடைசியா ஓட்டினவன் வச்ச இடத்துலயே கீது. இல்லேன்னா, பேட்டரி உயிரோட இருந்தப்ப தள்ளியிருக்காரு. எழவே இல்லன்னு மூணு வாரமா என்கிட்ட சொன்னது பொய்."

"ரெண்டுல எதுவா இருந்தாலும்..."

"சொல்லாதே. எனக்குத் தெரியுது."

லாய்ட் மிச்சப் பன்னைத் தட்டில் வைத்தான். அவன் பன்னை மிச்சம் வைப்பது அபூர்வம். "வாய் தவறிச் சொல்லியிருக்கலாம் மேடம். வயசாயிடுச்சு."

"இருபது வருஷமா ஆக்சிடென்ட் வண்டி பாக்கறேன். எந்த மெக்கானிக்கும் எந்த சீட்டைத் தள்ளினோம்னு மறக்க மாட்டான். நான் பொய்யைக் கண்டுபிடிக்கறதுக்குப் பேர் வாங்கினவ. அந்தாளு முகத்துக்கு நேரா சொன்னாரு, நான் தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேன்."

மனோகர் மிரட்டியிருக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். பெரிய இடம். மாணிக்கண்ணனின் மகன் அவரிடம்தான் வேலை செய்கிறான். மகன் வேலை போய்விடும் என்று பயந்திருப்பார். அப்படி நினைத்துக்கொண்டால் நெஞ்சில் கொஞ்சம் வலி குறைந்தது. குறையட்டும் என்றே அப்படி நினைத்தாள்.

"வண்டியைத் திருப்பு" என்றாள்.

---

ஒர்க்‌ஷாப்பில் யாரும் இல்லை. மாணிக்கராஜ் சாப்பிட வீட்டுக்குள் போயிருந்தார். கார்ச் சாவி ஆணியில் தொங்கியது. பூட்டு என்பதே அவளுக்கு இந்த இடத்தில் இருந்ததில்லை.

லாய்ட் பெஞ்சு மேலிருந்து இரண்டு ஒயரில் கட்டிய சின்ன பல்பை எடுத்தான். ஒயரின் முனைகளைப் புது பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களில் வைத்தான். பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"ப்யூன் நல்லா தான் கீறான் மேடம்."

"இப்ப குமிழை விட்டுட்டு, மேல மாட்டியிருக்கற கிளாம்புல வை."

வைத்தான். பல்ப் எரியவில்லை.

"பேட்டரில கரண்ட் கீது. அதைக் கவ்விட்டிருக்கற கிளாம்புக்கு வரல" என்றான் லாய்ட் மெதுவாக. "ரெண்டும் ஒட்டினு தானே கீது?"

ஞானசுந்தரி ஸ்பேனரை வாங்கி கறுப்பு ஒயரின் கிளாம்பைத் தளர்த்தித் தூக்கினாள். ஈயக் குமிழைச் சுற்றி, வெளியே துளிகூடத் தெரியாமல், கண்ணாடி மாதிரி செல்லோடேப் ஒட்டியிருந்தது. அழகாக, சுருக்கமில்லாமல், நிதானமாக ஒட்டியிருந்தது. கரண்ட் அதைத் தாண்டி வராது. அவள் எதிரிலேயே எத்தனை முறை மாட்டிக் காட்டினாலும் கார் எழாது.

நகத்தால் கீறி அதை உரித்தாள். மிரட்டலுக்குப் பயந்தவன் கை இவ்வளவு நிதானமாக ஒட்டுமா என்று ஒரு கேள்வி வந்தது. அதைத் தள்ளிவிட்டு கிளாம்பை மாட்டி முறுக்கினாள்.

கார் எழுந்தது.

முதலில் கதவுகள் நான்கும் டக்கென்று சத்தம் போட்டன. பக்கக் கண்ணாடிகள் காது விரிப்பது போல விரிந்தன. நொறுங்கிய முன்பக்கத்தில் உடையாமல் மிச்சமிருந்த ஒற்றை விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. ஞானசுந்தரி ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, எட்டிப் போய் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினாள். டாஷ்போர்டு முழுக்கச் சிவப்பு எச்சரிக்கைகள் வரிசை கட்டின. பெரிய பேட்டரி இல்லை, ஏர்பேக் வெடித்துவிட்டது, ஓட்டாதே என்று. நடுவிலிருந்த ஸ்கிரீன் மட்டும் நிதானமாக வெளிச்சமானது.

லாய்ட் தன் போனை எடுத்து வீடியோவைப் போட்டான். "மேனேஜர் வந்துட்டார்" என்றான்.

சத்தம் கேட்டு மாணிக்கராஜ் ஓடி வந்தார். கையில் சாப்பாடு அப்படியே ஒட்டியிருந்தது. எரிகிற ஸ்கிரீனைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், பிறகு கீழே விழுந்து கிடந்த டேப் துண்டைப் பார்த்தார்.

"மனோகர் இன்னா சொல்லி மிரட்டினாரு அண்ணா?"

அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. அப்போது அவள் அதை வெட்கம் என்று எண்ணினாள்.

"ஆமா சுந்தரி" என்றார். "மிரட்டினாரு. ஜாய் வேலை பூடும்னாரு. அவர் பையன் பேர் வெளியே வரக்கூடாதுன்னாரு. நான் இன்னா பண்ணுவேன்?"

"கிரண் தான் ஓட்டினானா?"

"வேற யாரு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்ற மாதிரியா கீது நிலைமை?"

வீட்டுப் பக்கத்துக் கதவு திறந்தது. "அப்பா, இன்னா சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே ஜாய் குனிந்து உள்ளே வந்தான். எழுந்து நிற்கும் காரைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

ஸ்கிரீனில் ஒரு சின்னப் போன் படம் தோன்றியது. அதைச் சுற்றி ஒரு வட்டம் சுழன்றது. பிறகு இங்கிலீஷில் இரண்டே வார்த்தை வந்தது.

ஜாய். இணைந்தது.

ஒர்க்‌ஷாப்பில் கூரை மட்டும் டப்பென்றது.

"ஜாய்ங்கற பேர்ல இந்த ஊர்ல தெருவுக்கு நாலு பேர் கீறாங்க" என்றார் மாணிக்கராஜ். அவசரமாகச் சொன்னார்.

ஞானசுந்தரி பையிலிருந்து தன் போனை எடுத்தாள். அந்த நம்பரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. வாரத்துக்கு நாலு தடவை கூப்பிடுகிற நம்பர். அமுக்கினாள்.

மணி ஜாயின் சட்டைப் பையில் அடிக்கவில்லை. காருக்குள் அடித்தது. நான்கு கதவு ஸ்பீக்கரிலும் சேர்ந்து அடித்தது. ஸ்கிரீன் முழுக்கத் தமிழில் பெரிய எழுத்து வந்தது.

சுந்தரி அத்தை.

அவள் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு முறைகூட ஏறாத காருக்கு அவனுடைய போன் தெரிந்திருந்தது. அவனுடைய அத்தையையும் தெரிந்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் கடைசி வரைக்கும் தள்ளி இருந்த சீட், ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் கால் நீட்டி உட்கார்ந்த சீட்.

மாணிக்கராஜ் பாய்ந்து பானெட்டுக்குள் கையை விட்டு கிளாம்பை ஒரே இழுப்பாக இழுத்தார். ஸ்கிரீன் கறுத்தது. மணி நின்றது.

"வீடியோ கீது அண்ணா" என்றான் லாய்ட். அவனுக்கு அப்போது ஜோக் ஒன்றும் வரவில்லை.

ஜாய் மெக்கானிக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தான்.

"முதலாளி ஊர்ல இல்ல. சாவி ஆணில தொங்கிச்சு. ஒரு ரவுண்டு போய்ட்டு கொண்டாந்து வச்சிடலாம்னு எடுத்தேன் அத்தை. பாட்டு போடலாம்னு போனைச் சேத்தேன். சத்தமே இல்லாத வண்டி. எத்தினி வேகம் போறோம்னே தெரியல. மழை. அவன் குடை பிடிச்சுனு ஓரமா தான் வந்தான். குடை தான் எனக்கு மொதல்ல தெரிஞ்சுது."

அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "வூட்டுக்கு ஓடி வந்துட்டேன். மறுநாள் சம்பங்கியைப் பிடிச்சிட்டாங்கன்னதும் ஸ்டேஷனுக்குப் போறேன்னு தான் சொன்னேன். அப்பா விடல."

"ஆமா, விடல" என்றார் மாணிக்கராஜ். "ஒரே புள்ள. அவங்கம்மாவும் போய்ச் சேந்துட்டா. ஏலத்துல வண்டியை எடுத்ததே கண் காணாம கழட்டிப் போடத்தான். எழுந்தா, யார் ஓட்டினாங்கன்னு கார் கம்பெனிக்கு அதுவே அனுப்பிடும்னாங்க. அதான் எழவே விடாம வச்சேன். அடுத்த நாளே நீ வந்து நிக்கறே, கழட்டாதீங்க அண்ணான்னு. இந்தக் கேஸ் உன் கைக்கு வரும்னு நான் இன்னா கனவா கண்டேன்? எல்லாம் என் கெட்ட நேரம் சுந்தரி."

"இப்பதான் கிரண் ஓட்டினான்னு சொன்னீங்க" என்றாள் அவள். "நான் ஒரு பேரைக் குடுத்தேன், நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டீங்க. சம்பங்கி போதாதுன்னு இன்னொருத்தன்."

அவர் தன் கையில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்தார்.

ஜாய் எழுந்தான். "நான் ஸ்டேஷனுக்கு வர்றேன் அத்தை. இப்பவே வர்றேன்."

"லாய்ட் கூட போ. நடந்ததை நடந்தபடி சொல்லு."

மாணிக்கராஜ் அவள் முன்னால் வந்து நின்றார். காய்ந்த சோறு ஒட்டிய கையோடு கும்பிட்டார். "அவன் போகட்டும். ஆனா நான் பேட்டரில பண்ணதைச் சொல்லாதே. நானும் உள்ள போய்ட்டா அவனுக்கு வக்கீல் வைக்க, சோறு கொண்டு குடுக்க யாரு கீறாங்க? ஆசீருக்காக இதை மட்டும் பண்ணு."

கணவன் பேர் வந்ததும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மகனுக்காகப் பொய் சொன்ன அப்பன். மாட்டிக்கொண்ட பிறகு வழி தெரியாமல் தவித்தவன். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. சரி என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

---

சம்பங்கியின் வீட்டு வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. ஞானசுந்தரி சொல்லி முடித்தபோது அவன் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். பார்வதம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எதிர் வீட்டு வாசலையே பார்த்தாள். அங்கே விநாயக்கின் அம்மா உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நானே போய் சொல்றேன்மா" என்றாள் பார்வதம்மா. "அந்தம்மா வாயால உன் புருஷன் இல்லன்னு ஒரு வாட்டி கேக்கணும். அதுக்கு முன்னால ஒருத்தருக்கு போன் பண்ணணும். அவர் இல்லேன்னா நான் உங்க வாசப்படிக்கே வந்திருக்க மாட்டேன்."

"யாரு?"

"மாணிக்கராஜ் அண்ணன் தான். ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரே."

ஜாயின் பேரைச் சொன்ன ஞானசுந்தரி, அவன் அப்பன் பேரை இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"நான் கோலார் போய் வேற ஒரு பெரிய வக்கீலைப் பாத்தேன்மா. அவர் பெங்களூர்ல இருந்து துப்பறியற ஆளை வரவச்சு, வண்டியை வேற எடத்துல வச்சுப் பாக்கணும்னாரு. இந்த அண்ணன் ஏலத்துல வண்டி எடுத்திருக்காருன்னு கேள்விப்பட்டு, வண்டியைக் குடுப்பீங்களான்னு கேக்கப் போனேன். அவர் தான் எதுக்குமா பெங்களூரு, நம்ம சுந்தரி கீதேன்னாரு. தங்கமான பொம்பள, உனக்காக உயிரைக் குடுக்கும்னாரு." பார்வதம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வண்டி விஷயம்னா அது என்னைக் கேக்காம ஒரு அடி வைக்காது, நான் சொன்னா சொன்னது தான்னு சொன்னாரு. அதைக் கேட்டு தான் எனக்கு தைரியமே வந்துச்சு."

பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். அது விசில் அடித்து ஓய்கிற வரைக்கும் ஞானசுந்தரிக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

கேஸ் அவள் கைக்குத் தற்செயலாக வரவில்லை. அவர் அனுப்பி வைத்தார். வேறு யாராக இருந்தாலும் காரை இன்னொரு மெக்கானிக்கிடம் இழுத்துப் போயிருப்பார்கள். இவள் ஒருத்திதான் அவர் கையிலேயே விட்டுவிட்டு, மூன்று வாரமும் தேங்க்ஸ் சொல்லிக்கொண்டு வந்து போவாள். ஊரில் இருக்கிற அத்தனை பேரிலும் தேடி, தன்னைச் சந்தேகப்பட முடியாத ஒருத்தியை அவர் பொறுக்கி எடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நின்றது, கல்லறைக்கு வந்தது, குழந்தையைக் கையில் கொடுத்தது, எல்லாம் அவருக்கு இந்த ஒரு காரியத்துக்கு உதவியிருந்தது.

"அவருக்கு நான் சொல்லிக்கறேன்மா" என்றாள். "நீ எதிர் வீட்டுக்குப் போ."

பார்வதம்மா தெருவைக் கடந்து போவதைப் பார்த்தபடி லாய்டைக் கூப்பிட்டாள். ஸ்டேஷனில்தான் இருந்தான்.

"எழுதிட்டாங்களா?"

"ஜாய் சொல்லிட்டான் மேடம். எழுதிக்கிட்டு கீறாங்க. அவங்கப்பா வெளிய பெஞ்சுல உக்காந்துனு கீறாரு. உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம். போனை அவர் கையில குடுக்கட்டா?"

எதிர் வாசலில் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். துணிக்கூடை கீழே கிடந்தது. யார் யாரைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள் என்று இங்கிருந்து தெரியவில்லை.

"வாணாம்" என்றாள் ஞானசுந்தரி. "எழுதறதை இப்பவே முடிச்சிட வாணாம்னு சொல்லு. பேட்டரில டேப் ஒட்டினவர் யாருன்னு சேத்து எழுதணும். சாட்சி நான். வந்துனு கீறேன்."